கதவைத் தட்டுகிறவன்

அப்புத்தளைக் கிளையின் சுவரில்
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள் எங்கள் நோக்கத்தை.
மூன்று மொழியிலும்.
தமிழில் மட்டும் ஓர் எழுத்துப்பிழை:
'வாழ்வை உயர்த்துவோம்' என்பதில்
ழகரம் வழுக்கி ளகரமாகி
வாளொன்று ஓங்கியபடி நிற்கிறது.
ஐந்து வருசமாய் நான் திருத்தச் சொல்லவில்லை.
எனக்கென்னவோ சரியாகத்தான் பட்டது.

செவ்வாய் என் கிழமை.
மேல் டிவிசன், ஏழாம் லயம், எட்டாம் லயம்.
கொழுந்து நிறுத்துவிட்டு அவர்கள்
காம்பராவுக்குத் திரும்பும் நேரம் பார்த்து
மோட்டார் சைக்கிளைப் பீலியடியில் நிறுத்துவேன்.
ஹெல்மெட்டைக் கண்டதும்
பிள்ளைகள் பாடமாக்கியதை ஒப்பிப்பார்கள்:
"அம்மா இல்ல."
உள்ளே அம்மா இருமுவாள்.
கேட்காதது போலக் குறித்துக்கொள்வேன்:
தவமலர், தவணை பதினொன்று, நிலுவை.

பயிற்சி கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்தவர் கேட்டார்,
காலையில் உங்களை எழுப்புவது எது?
"இலக்கு" என்றாள் பக்கத்து மேசை நிரோஷினி.
கைதட்டினார்கள்.
என்னை எழுப்புவது
ஒரு பிளாஸ்டிக் குழாய் என்று
நான் சொல்லவில்லை.

லயத்துக்குக் கீழேதான் என் வீடு.
பின்பக்கம் கோவாப் பாத்தி நடுவே
அதை நட்டுவிட்டுப் போனார்கள்
மண்சரிவைக் கண்காணிக்கிறவர்கள்.
சம்பளமில்லை. ஒரு மழைக்கோட்டு, ஒரு விசில்,
மூன்று எண் எழுதிய ஒரு தாள்:
எழுபத்தைந்து, கண் வை.
நூறு, சொல்லி வை.
நூற்றைம்பது, இறக்கு.
விடியற்காலை ஐந்தரைக்கு டார்ச்சோடு குனிவேன்.
நான்கு. பூச்சியம். ஒன்பது. பூச்சியம்.
எதுவும் நடக்கவில்லை என்று
தினமும் கையெழுத்துப் போடுகிற வேலை.
"இதுக்கு யாரு உன்னய வச்சது?" என்பாள் மனைவி.
பதில் சொல்லப் பார்த்திருக்கிறேன்.
ஒவ்வொரு முறையும் பல் துலக்கப் போய்விடுவேன்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி
பதினொன்றரைக்கு நூற்று முப்பத்தெட்டு.
பன்னிரண்டேகாலுக்கு நூற்று அறுபத்தொன்று.
பீலித்தண்ணீர் பால்தேத்தண்ணி நிறத்தில்.
ஓடினேன். விசில் மழைக்குள் கரைந்தது.
ஏழாம் லயத்தில் முதல் கதவைத் தட்டினேன்.
உள்ளே விளக்கு அணைந்தது.
இரண்டாம் கதவு.
அணைந்தது.
மூன்றாவதில், தூக்கக் கலக்கத்திலும் தப்பாமல்
ஒரு பிள்ளைக்குரல்:
"அம்மா இல்ல."

ஐந்து வருசம் இதே கையால் தட்டியிருக்கிறேன்.
அந்தத் தட்டல் அவர்களுக்கு மனப்பாடம்.
மழையென்று கத்தினேன், மலையென்று கத்தினேன்,
தகரத்தின் கீழே இரண்டும் ஒரே சத்தம்.
கடைசியில் வாயில் வந்தது இதுதான்:
"காசு வேணாம்! காசு வேணாம்! வெளிய வாங்க!"

தாழ்ப்பாள் விழுந்தது.
தவமலர் முதலில்.
இடுப்பில் பிள்ளை,
மறுகையில் தவணைப் புத்தகம்,
பொலித்தீனில் சுற்றி, நனையாமல்.

பாடசாலை மண்டபத்தில் நாற்பத்துமூன்று பேர்.
மலை விழுந்ததா என்று கேட்பீர்கள்.
விழவில்லை.
எட்டாம் லயத்துக் கக்கூஸ் மட்டும் கொஞ்சம் சாய்ந்தது.
வீணாக எழுப்பிவிட்டான் என்று
விடிந்ததும் சிலர் முணுமுணுத்தார்கள்.
யாரோ தேத்தண்ணி தந்தார்கள், சீனி இல்லாமல்.

பிறகு செவ்வாய் வந்தது.
ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் படியேறினேன்,
ஏனென்று தெரியாது.
தவமலர் இஸ்தோப்பிலேயே நின்றாள், ஒளியவில்லை.
"இன்னைக்கி எதுக்கு வந்திருக்கீங்க?"
கேலியில்லை.
தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"முப்பத்திரண்டு" என்றேன்.
காலையில் வாசித்தது.
"அது எம்புட்டு?"
"பயமில்ல" என்றேன்.
பிறகு, காலடியைப் பார்த்தபடி,
தவணையையும் கேட்டேன்.