மணி

கதவுக்கு இடப்பக்கம், கண்ணாடிக்குக் கீழே
ஒரு பொத்தான்.
"இரவில் மணியை அழுத்தவும்" என்று
நான்தான் எழுதி ஒட்டினேன்.
சுவாவ்கியில் ஜனவரி மாதம்.
அழுத்த வருகிறவர்கள் முதலில்
பொத்தான்மேல் உறைந்த பனியை
நகத்தால் சுரண்ட வேண்டும்.

காய்ச்சலுக்கு வருபவர்கள் நீளமாக அழுத்துவார்கள்.
பல்வலிக்காரர்கள் விடவே மாட்டார்கள்.
இது வேறு.
தொட்டதும் எடுத்துக்கொண்ட விரல்,
யாரும் எழுந்து வந்துவிடக் கூடாதே என்பது போல.

சாளரத்தைத் திறந்தேன். இரண்டு உள்ளங்கை அகலம்.
பணம் வரும், பெட்டி போகும்,
சுளீரென்று காற்று வரும்.
முகம் மட்டும் முழுதாக வராது.
ஒரு வாய். கம்பளித் துண்டின் நுனி.
சட்டைக் கையில் மாவு.

அவள் சொன்னதைக் காற்று தின்றது.
மறுபடி சொன்னாள்.
எதிர்ச்சாரியில் ஒரு டாக்ஸி
என்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது.
மூன்றாம் முறை சொல்லவைக்க மனம் வரவில்லை.
சாவியை எடுத்தேன்.

முன்பொரு வெள்ளி இரவு
இதே சாளரத்தில் நான் சொன்ன வாக்கியம்
எனக்கு மனப்பாடம்:
"மருத்துவர் சீட்டு வேண்டும்."
அதில் இலக்கணப் பிழை இல்லை.
சட்டப் பிழையும் இல்லை.
பெட்டி என்னிடமிருந்து இரண்டு எட்டில் இருந்தது.
அந்தப் பெண் விரல் விட்டு எண்ணினாள்:
சனி, ஞாயிறு,
மனசாட்சி குறுக்கே வராத மருத்துவர் கிடைத்தால்
திங்கள்.
விரல்கள் போதுமானதாக இருந்தன,
மணி போதவில்லை.
நன்றி சொன்னாள்.
அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை,
நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது என்னிடம் ஒரு படிவம் இருக்கிறது.
பின்னறையில் இரண்டு நாற்காலிகள்;
ஒன்றில் இருந்த இருமல் மருந்துப் பெட்டியை இறக்கினேன்.
பெயர்? பொகுமிலா.
வயது? நாற்பத்திரண்டு.
மாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண்ணை
நானாகவே உட்காரவைத்திருந்தேன்.
பேனா கொஞ்சம் தயங்கியது.

"எத்தனை மணி ஆகிறது?"
சுவரைப் பார்த்து, "ரெண்டே கால்" என்றாள்.
"இல்லை... அது நடந்து."
"ஓ. ஐம்பத்தொன்று."
யோசிக்கவே இல்லை.
ரொட்டிக்கடையில் ஒவ்வொரு தட்டும்
அடுப்புக்குள் போகும்போது
அவள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"பால் கொடுக்கிறீர்களா?"
படிவம் கேட்கிறது, நானும் கேட்டேன்.
அப்போதுதான் சிரித்தாள்:
"கடைசிப் பையனுக்கே மீசை வந்துவிட்டது."

"இந்தத் தாளை யார் பார்ப்பார்கள்?"
யாருமில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது.
"நான். அப்புறம் ஒரு கணினி."
தலையாட்டினாள். கணினியோடு
அவளுக்குப் பகை ஒன்றும் இல்லை போலிருந்தது.

என்னோடு வேலை பார்க்கும் ரெமிகியுஷ்
தன் இரவுகளில் இவர்களை
அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுகிறார்.
முப்பது கிலோமீட்டர்.
கெட்டவர் இல்லை. பின்வாசல் பூனைகளுக்கு
தன் காசில் பால் வாங்கி வைக்கிறவர்.

காகிதக் கோப்பையில் வெந்நீர் கலந்து கொடுத்தேன்.
ஒரே மடக்கு.
"மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால்
திரும்ப வாருங்கள்."
"அதற்குள் ரொட்டி வெந்திருக்கும்" என்றாள்,
சில்லறையை எண்ணாமல் பையில் போட்டபடி.
இருபது நிமிட இடைவேளை அவளுக்கு.
டாக்ஸிக்குப் பனியில் சறுக்கிக்கொண்டே ஓடினாள்.
நாற்காலிக் கையில் ஐந்து வெள்ளை விரல்கள்.
விடியும் வரை துடைக்கவில்லை.

தள்ளுவண்டியோடு யார் கடந்தாலும்
நான் முகம் பார்ப்பதுண்டு.
பயன் இல்லை.
அந்த வெள்ளிக்கிழமைக்காரியை
சாளரத்தில் நான் முழுதாகப் பார்த்ததே இல்லை.

பணி முடிந்து வெளியே வந்து
பொத்தானின் பனியைச் சுரண்டினேன்.
வேலை செய்கிறதா என்று
ஒருமுறை அழுத்தியும் பார்த்தேன்.
உள்ளே யாரும் இல்லை.
தெருவரைக்கும் கேட்டது.