எட்டாவது திருகு

குன்னூர் மவுண்ட் ரோட்டில்
மாடியேறி இரண்டாவது கதவு.
ஜூலை. நான்கு நாளாக விடாத மழை.
கடையில் சூடாக இருந்தது
சால்டரிங் கம்பியின் நுனி மட்டும்.

போஜன் வந்தார், பச்சைத்தேயிலை லாரி ஓட்டுகிறவர்,
தன்னை நனையவிட்டு
ஜெர்கினுக்குள் மெஷினைப் பொத்திக்கொண்டு.
"ஜெசிந்தாக்கா, புதுசு. ஆறு மாசம்கூட ஆகல.
திடீர்னு உயிர் இல்ல."

ஏழு திருகுகள் வெளியே தெரிந்தன.
எட்டாவது ஸ்டிக்கருக்கு அடியில்.
பழைய மெஷினிலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பழையதை எத்தனை திறந்திருப்பேன்!
கேத்தி, கோத்தகிரி, அரவங்காடு குவாட்டர்ஸ்,
எங்கிருந்து வந்தாலும் ஒரே வியாதி:
சூடேறி மூச்சு முட்டும்.
கவிழ்த்து வைத்தால்தான் படம் ஓடும்.
ஊரே கவிழ்த்து வைத்து விளையாடியது.

எங்கோ ஓர் அறையில்
வரைபடம் போட்டவன் காதுக்கு அது எட்டியிருக்கிறது.
புதியதில்
விசிறிக்கு உள்ளங்கை அகல இடம்,
பழையதன் காய்ச்சலுக்கு
அளவெடுத்துத் தைத்த ஜன்னல்.

பொத்தான்களை மட்டும் அவன் தொடவில்லை.
தொட்டிருந்தால்
எத்தனை கட்டைவிரல்கள் வழி தவறியிருக்கும்.

போர்டின் ஓரத்தில் பூஞ்சை.
குன்னூரில் எதுவும்
ஆறு மாதம் புதிதாக இருப்பதில்லை.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன்.
ஒரு கறுப்புச் சதுரம்.
அதன் முதுகில் எனக்கு மனப்பாடமான எண்.

பழைய மெஷினின் மூளை.
முழுசாக, அப்படியே.

"இது இங்க என்ன பண்ணுது?"

சாதாரண நாளில் வாசல் வேலை, என்றேன்.
எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று பார்த்து
உள்ளே சொல்லியனுப்பும்.
பழைய டிஸ்க்கைப் போட்டால் மட்டும்
புதியது ஒதுங்கிக்கொள்ள
இது நாற்காலியில் ஏறி உட்காரும்.

குடையில்லாத மனிதரிடமிருந்து
தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இத வாங்கத்தானே அத வித்தேன்.
எண்ணூறு ரூபா.
வித்தத உள்ள வச்சு
எனக்கே வித்திருக்கானுங்க!"

கோபமா சிரிப்பா, தெரியவில்லை.
கீழே போனார். லாரிக் கதவு அடிக்கும் சத்தம்.
கீறல் விழுந்த டிஸ்க் ஒன்றோடு ஏறி வந்தார்.
வாங்கினவன் இதை வேண்டாமென்று விட்டானாம்.

போனது ஒரு ஃபியூஸ்தான். நாற்பது ரூபாய்.

டிவியில் பழைய கார் பந்தயம்,
முதல் சுற்றிலிருந்து.
மெமரி கார்டும் எண்ணூறோடு போயிருந்தது.

அவர் கை தானாக நீண்டது, மெஷினைக் கவிழ்க்க.
"வேண்டாம்" என்றேன்,
"அதைத்தான் சரிசெய்திருக்கிறார்கள்."

தலையாட்டினார்.
இருந்தாலும்
லேசாகச் சாய்த்துத்தான் வைத்தார்.