செல்லாத சீட்டு

ஞாயிறு காலை எட்டு மணி.
ஹிண்டர்மாட் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடம்,
பழைய பந்துகளின் றப்பர் வாசம்.
போன மாதம் கடுதாசி வந்திருந்தது:
"வாக்கெண்ணும் கடமை. வராவிட்டால் தண்டம்."
குடியுரிமை கிடைத்துப் பதினொரு மாதம்;
ஊர் முதன்முதலாய் என்னிடம் கேட்ட வேலை
உறை கிழிப்பது.

கேள்வி சின்னது.
ஊற்றைச் சுற்றிய காணிகளில்
மருந்தடிப்பதை நிறுத்தலாமா?
பிறந்தபோது அவ்வளவுதான் அதன் நீளம்.
முந்நூறு மீற்றர் என்று தொடங்கினார்கள்.
கமக்காரர் சங்கம் நூற்றைம்பது என்றது.
சபை ஒரு நிபுணரை அழைத்தது,
அவர் இன்னொரு நிபுணரை.
பிறகு எண்பது.
பிறகு "2031 முதல்".
பிறகு, எந்தக் கூட்டத்தில் நுழைந்ததோ தெரியாது,
"இயன்றவரை".
தண்ணி மட்டும்
யாரையும் கேட்காமல் கீழே வந்துகொண்டிருந்தது.

இங்கே புள்ளடி இல்லை.
ஆமோ இல்லையோ, சொல்லைக் கையால் எழுதவேண்டும்.
வேலி ஆணிபோல் நிமிர்ந்த இல்லை.
தாளைக் கிழிக்கும்வரை அழுத்திய இல்லை.
பேருந்தில் எழுதியதுபோல் குலுங்கிய ஆம்.
பதினெட்டு வருடமாய் வணக்கம் சொல்லிப் பழகாத ஊர்
என் விரலுக்குள் வந்து வந்து போனது.

நானூற்றுச் சொச்சத்தில் ஒரு சீட்டு:
ஆம்,
பக்கத்தில் ஒரு "ஆனால்".
அதற்கப்பால் ஒன்றுமில்லை,
பேனா நின்று யோசித்த இடத்தில்
ஒரு மைப்பொட்டு.

செயலாளர் ரேகுலா நீடெகர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்து
மூன்றாம் தட்டில் போட்டார்.
செல்லாது.
ஆனால் என்று எழுத இடமில்லை என்றார்,
கோபமில்லாமல், சட்டப்பிரிவு எண்ணோடு.
இரண்டு வருடமாய்ச் சபை எழுதியது
அந்த ஒரு சொல்லைத்தானே என்று
கேட்க வாயெடுத்தேன்.
அவர் கண்ணுக்குக் கீழே
அத்தனை இரவுக் கூட்டமும் கறுத்திருந்தது.
கேட்கவில்லை.

எதிர்க் கதிரையில் ஊஎலி ஷ்டெட்லர்.
ஊற்றுக்கு மிகக் கிட்டிய காணி அவருடையது;
அவருக்கும் அதே கடுதாசி, அதே தண்டம்.
ஆம்களைப் பத்துப் பத்தாய் அடுக்கி
றப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தார்.
என் கட்டைத் திரும்ப எண்ணி
ஒன்று குறைகிறது என்றார்.
உண்மைதான். என் மடியில் விழுந்து கிடந்தது.
விரித்தேன்: ஆம்.
கையை நீட்டி வாங்கி
உரிய கட்டில் செருகினார்.

பதினொன்றரைக்கு முடிவு.
நானூற்றாறு, முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
எண்பது மீற்றர் வென்றது, இயன்றவரை.
கைதட்ட யாருமில்லை,
கதிரைகளை மடிக்கவேண்டியிருந்தது.

ஊஎலி ஜக்கைச் சரித்து
இரண்டு கிளாஸ் ஊற்றினார்,
தனக்கொன்று, எனக்கொன்று.
"2031 மட்டும் இதுதான்" என்றார்.
பகிடியா, மன்னிப்பா,
அவருடைய ஜெர்மனில் எனக்குப் பிடிபடவில்லை.
குளிர்ந்த தண்ணி.
குடித்தோம்.