லிண்டல் மட்டம் வரை

லிங்கராஜபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில்
ஆறு தூண்கள் நிற்கின்றன,
ஒவ்வொன்றின் உச்சியிலும் நான்கு கம்பிகள்.
இருபத்து நான்கு நுனியிலும்
காலி சோடா பாட்டில் கவிழ்த்தவள் நான்.
எதிர்வீட்டுக் கல்யாணம் முடிந்த மறுநாள்
பையோடு போய்ப் பொறுக்கினேன், வெட்கமில்லை.
கண்ணைக் குத்திடும்மா என்று
மேஸ்திரி சின்னப்பராஜ் சொல்லியிருந்தார்.
போகும்போது கலவைச் சட்டியைக்
கழுவி, துடைத்து, எடுத்துக்கொண்டு போனார்.
நாளைக்கு வருகிறவர் அப்படித் துடைக்க மாட்டார்.

குவைத்திலிருந்து காணிக்கை கூப்பிட்டது
ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்.
"ஸ்லாப் போட வேணாம்க்கா. இப்போதைக்கு."
ஊர் திரும்பியதும் இருக்க என்று
மாதாமாதம் அவள் அனுப்பிய அறை அது.
இப்போதைக்கு என்றால் எத்தனை மாதம்?
நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.
பின்னால் ஒரு குழந்தை அழுதது.
வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியாக இருக்கும்
என்று வைத்துக்கொண்டேன்.

ஆள் வராவிட்டால் வேலை நின்றுவிடும்
என்றுதான் நினைத்திருந்தேன்.
அப்படி இல்லையாம்.
கட்டக் கேட்டதைப் போலவே
நிறுத்துவதையும் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.
பால் பாக்கெட்டைப் போல அனுமதிக்கும்
தேதி உண்டாம், தாண்டினால் திரிந்துவிடுமாம்.
நின்ற இடத்தை அதிகாரி பார்த்துக்
கையெழுத்துப் போட்டால்தான்
பிறகு அதே இடத்திலிருந்து எழும்பலாம்.
வார்டு ஆபீஸுக்கு மூன்று நடை.
முதல் நாள் சார் ஏரிப் பக்கம் போயிருந்தார்.
அடுத்த முறை சர்வர் படுத்திருந்தது.
மூன்றாவது நடையில் ஜெராக்ஸ் மங்கல் என்றார்கள்.

ஒரு செவ்வாயன்று மல்லேஷப்பா வந்தார்,
கக்கத்தில் ஹெல்மெட், கையில் டேப்.
தூணைச் சாவியால் தட்டிக்
காது கொடுத்துக் கேட்டார்.
கிழக்குப் பக்கம் அளந்து உச்சுக்கொட்டினார்:
நாலு விரல் கம்மி.
"பூசினா இன்னும் கம்மியாகும்."
"பூசவே போறதில்லையே சார்."
அவருக்குச் சிரிப்பு வந்தது, மீசைக்குள் வைத்துக்கொண்டார்.
அந்த நாலு விரலையும்
சிவப்பு மையில் குறித்துக்கொண்டார்.

படிவத்தில் ஒரு கட்டம்:
வேலை நிற்பதன் காரணம்.
என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை.
பணமில்லை என்று எழுதினால் பொய்,
பாங்கில் பாதி கிடக்கிறது.
தங்கை வரவில்லை என்றால்
வருவாளா மாட்டாளா, எனக்கே தெரியாது.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
அவர் படிவத்தை வாங்கி
ஸ்வந்த காரண என்று கன்னடத்தில் எழுதினார்.
சொந்தம்தான் காரணம் என்றும் படிக்கலாம் போல.
கீழே: லிண்டல் மட்டம் வரை முடிந்தது,
இன்றைய தேதியில் உள்ளபடி.
எங்கள் குடும்பத்தைப் பற்றி
இவ்வளவு சரியாக யாரும் எழுதியதில்லை.

டீயில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை கேட்டார்.
அரிசி டப்பாவுக்குப் பின்னால்
கவர் ஒன்று தயாராக வைத்திருந்தேன்.
அவர் கேட்கவேயில்லை.
வாசல்வரை போய்த் திரும்பியபோது
இதோ என்று நினைத்தேன்.
"கம்பிக்குச் சிமெண்ட் பால் அடிங்க,
மழை வந்தா துரு தின்னுடும்" என்றார்.
பைக் கிளம்பிப் போன பிறகும்
எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

கவரைப் பிரித்து அரை மூட்டை சிமெண்ட்,
நாலு அங்குல பிரஷ் ஒன்று வாங்கினேன்.
பாட்டில்களைக் கழற்றி,
தோசை மாவுப் பதத்தில் கரைத்து
ஒவ்வொரு கம்பியாய்ப் பூசினேன்.
ஜெயசீலன் ஏணியைப் பிடித்துக்கொண்டு
"யாருக்கு இதெல்லாம்" என்றார்.
பிடிப்பதை விடவில்லை.
காய்ந்ததும் மறுபடி பாட்டில்கள்.
இரண்டு உடைந்திருந்தன.
அந்த இடங்களில் பழைய சாக்ஸ் மாட்டினேன்.

போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.
உடனே பார்த்துவிட்டாள், நீலக் கோடு விழுந்தது.
எழுதுகிறாள் என்று காட்டியது.
பிறகு காட்டவில்லை.
குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது வந்தது:
"ஜன்னல் எந்தப் பக்கம்க்கா விட்டிருக்கே?"

அந்தக் குழந்தை யார் என்று டைப் செய்தேன்.
அழித்தேன்.
நாலு விரல் கதையைச் சொல்ல ஆரம்பித்து
அதையும் அழித்தேன்.
கிழக்கே என்று மட்டும் அனுப்பினேன்.