பதினைந்து டிகிரி

முதலில் புரொப்பெல்லரைத்தான் பார்ப்பேன்.
சுழன்றுகொண்டே மண்ணில் மோதியிருந்தால்
முறுக்குப் பிழிந்ததுபோல் திருகியிருக்கும்.
இதில் ஒரு அலகு நேராக நிற்கிறது,
கழுவித் துடைத்து வைத்த கத்தி.
மற்றது பின்பக்கம் சும்மா மடங்கியிருக்கிறது.
விழுமுன்பே எஞ்சின் பேச்சை நிறுத்திவிட்டது.

பர்ட்டன் வைனாட்டின் ஆப்பிள் தோட்டம், ஏழாம் வரிசை,
நோவா ஸ்கோஷியா.
அறுவடைக்குப் பத்து நாள்.
“பதினோரு மரம்” என்றார்,
சொன்னதற்கு வெட்கப்பட்டுத்
தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

இறக்கைத் தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது.
இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.
‘இன்னும் இருபது நிமிடம் தாங்கும்’ என்று
முள்ளை நம்பி வந்தவர்களை
வேறு வயல்களில் பார்த்திருக்கிறேன்.
மேகத்துக்குள் போனவர்களையும்:
காதுக்குள் இருக்கும் ஒரு சொட்டுத் திரவம்
‘நேராகத்தான் போகிறாய்’ என்று சத்தியம் செய்ய,
சரிந்து சரிந்து
குன்றின்மேல் போய் இறங்கியவர்கள்.
சனிக்கிழமை கல்யாணம், ஞாயிறு திரும்பவேண்டும்,
வானம் காத்திருக்கச் சொன்னதைக் கேட்காதவர்கள்.

யூக்லிட் கோமோ அப்படியில்லை.
மேகமில்லாத காலை.
டிக்பியில் முட்டையும் காப்பியும் சாப்பிட்டு,
மத்தியானத்துக்குள் வந்து
குளிர்கால ஜன்னல்களை மாட்டித்தருவதாக
மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்.
பதினைந்து டிகிரி. காற்றில் ஈரம்.
ஸ்வெட்டர்கூட வேண்டாம் என்று நினைக்கும் வெயில்.

அந்த வெயிலில்தான் பனிக்கட்டி பிடிக்கும்.
வேர்த்த முதுகில் காற்றுப் பட்டால்
சிலிர்க்கிறதே, அதே கணக்கு.
ஆவியாகிற பெட்ரோல் சூட்டை உறிஞ்ச,
கார்புரெட்டரின் குறுகிய தொண்டையில்
ஈரம் உறைந்து, உறைந்து,
எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

கழற்றினேன். விரலை விட்டுப் பார்த்தேன்.
ஈரம்கூட இல்லை.
இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து வந்திருக்கிறேன்.
சூடான எஞ்சினில்
அதற்குச் சில நிமிடங்கள் போதும்.
தங்கிவிட்டுப் போனதற்கு
ரசீதா கொடுக்கும்?

சூடேற்றும் குமிழ் உள்ளே தள்ளியிருக்கிறது.
அவர் இழுக்கவேயில்லையா?
இழுத்தாரா, மோதலில் உள்ளே போனதா?
இல்லை,
இழுத்து, மறுபடி தள்ளினாரா?
அதுவும் நடக்கும்.
குமிழை இழுத்ததும் பனி உருகி
அந்தத் தண்ணீரை எஞ்சின் விழுங்கும்,
இருமும், உதறும்,
முன்னைவிட மோசமாகும்.
கொஞ்ச நேரம்தான்.
பொறுத்தால் பிழைக்கலாம்.
பொறுக்க முடியாத கொஞ்ச நேரம்.

ஒடெட் கோமோவின் சமையலறையில்
காப்பி ஆறிப்போயிற்று.
சுவரோரம் சாய்ந்திருந்தன நான்கு ஜன்னல்கள்,
துடைத்த கண்ணாடி, பக்கத்தில்
ஒரு டப்பாவில் திருகாணிகள்.
“அவர் ஏதாவது தப்புப் பண்ணினாரா?”
அறிக்கை வரப் பல மாதம் ஆகும் என்றேன்.
விதிப்படி அவ்வளவுதான் சொல்லலாம்.
விதிக்கு அன்று நன்றி சொன்னேன்.

இரண்டு வசந்தம் முன்பு
ஃபண்டி விரிகுடாவின்மேல் நான் தனியே.
சுழற்சி முள் நூறு இறங்கியது, பிறகு இருநூறு.
எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன்:
த்ராட்டிலை இன்னும் தள்ளினேன்.
கை எப்படிக் குமிழுக்குப் போனதென்று
இன்றுவரை தெரியாது.
இழுத்தேன். எஞ்சின் உதறியது.
கீழே நீர், சாம்பல் நிறம், வெகு பக்கத்தில்.
கை பாதி தூரம் குமிழைத் திரும்பத் தள்ளிவிட்டது.
பாதியில் நின்றது.
ஏன் நின்றது என்றும் தெரியாது.

கிளம்பும்போது வைனாட்
ஒரு பை ஆப்பிள் கொண்டுவந்தார்.
“கீழே விழுந்ததை விற்க முடியாது, எடுத்துப் போங்கள்.”
பக்கத்து இருக்கையில் வைத்தேன்,
கார் முழுக்க வாசனை.

படிவத்தில் ‘சாத்தியமான காரணம்’ என்ற கட்டம்
ஒரே ஒரு வரி அகலம்.
அதை விட்டுவிட்டு
என் பறப்புக் குறிப்பேட்டைத் திறந்தேன்.
அந்த ஏப்ரல் பக்கம். என் கையெழுத்துதான்:
‘வானிலை தெளிவு. குறிப்பிட ஏதுமில்லை.’