ஒன்பதாம் நாள்

பித்தப்பைக் கல்லை எடுக்குமுன்
லியோனில் எனக்கு இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள்.
யாருடையதென்று தெரியாது.
பையின் நெற்றியில் ஓர் எண், பட்டைக்கோடு.
எதிர்ப்பொருள்: இல்லை. பொருத்தம்: சரி.

என் அணுக்கள் அரிவாளாய் வளைபவை.
முழங்காலுக்குள் அறுப்பு நடக்கும் நாட்களில்
டிராமில் இடம் கேட்கக் கூசுவேன்,
வெளியே பார்த்தால் இளம்பெண்தானே.
அந்த வாரம் மட்டும்
தையலைப் பிடித்துக்கொண்டே
நான்கு மாடி ஏறினேன், மூச்சு வாங்கவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்.
வந்த ரத்தத்துக்கு என் உடல்
எட்டு நாள் கொடுத்தது.

ஒன்பதாம் நாள் விடியலில்
கழிப்பறைப் பீங்கானில் கறுப்புத் தேநீர்.
இடுப்புக்குள் யாரோ கதவை மோதினார்கள்.
ஏற்றுமுன் ஏழாக இருந்த எண்
இப்போது நான்கு.
கொடுத்ததும் போச்சு, இருந்ததும் போச்சு.

இரவுப்பணி மருத்துவர் கெர்வெல்லா
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டார்:
சின்ன வயதில் எங்காவது ஏற்றினார்களா?

ஆறு வயது. கின்ஷாசா. மலேரியா.
ஒரு பைக்கு அப்பா ரேடியோவை விற்றார்.
அந்தப் பதிவேட்டை
ஏதோ ஒரு மழைக்காலம் தின்றிருக்கும்.
என் உடல் மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தது,
இருபத்துமூன்று வருடம்,
சோதனைக்குழாயிலும் வாய் திறக்காமல்.
பழைய முகத்தைக் கண்டதும் ஊரைக் கூட்டிவிட்டது.
அந்நியனை அடித்த கை அதோடு நிற்கவில்லை;
வீட்டாரையும் அடித்தது.

இன்னும் ரத்தம் தாருங்கள் என்றேன்.
தந்தால் அதுவும் எரியும் என்றார்,
கையில் ஒன்றுமில்லாதவர்போல விரல்களைப் பார்த்துக்கொண்டு.
கீழ்த்தளக் குளிர்பெட்டியில்
அடுக்கடுக்காய்ச் சிவப்பு.

எங்கள் பக்கம் இரட்டையருக்குப் பெயர் தேடுவதில்லை:
முதலில் வந்தால் நிசிம்பா, நான்.
பின்னால் வந்தால் நிசூசி.
அவன் சட்டைக்கையை மடித்துக்கொண்டே ஓடி வந்தான்.
தானாடாவிட்டாலும் தன் தசை ஆடுமாம்.
ஆடத்தான் செய்தது.
ஆனால் என் உடல் வெறுக்கும் அந்த ஒன்று
அவனிடமும் இருந்தது.
ஒரே கருவில் கிடந்தோம் என்பதை
எந்தத் தாளில் எழுதிக் காட்டுவது?

ஸ்டீராய்டு. சொட்டுச்சொட்டாய் வேறு ஏதோ.
குழந்தைகளுக்கான குட்டிக் குழாயில்
பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள்;
பிறகு அதையும் ஒருநாள் விட்டு ஒருநாள்.
நான் பேசினால் அதற்கும் காற்று செலவாகும் என்று
நிசூசி எனக்காகவும் பேசினான்:
கால்பந்து, வாடகை, அவனை விட்டுப் போனவள்.
மடித்த கையை இறக்கவே இல்லை.

பதினேழாம் நாள் எண்: நான்கு புள்ளி ஆறு.
எலும்புக்குள்ளிருந்து புதிதாய் வருகிறார்கள் என்றார் கெர்வெல்லா.
அவர்களும் வளைபவர்கள்தான்.
அரிவாள்கள்தான்.
வாருங்கள் என்றேன்,
வாழ்நாளில் முதல்முறையாக.

நிசூசி சட்டைக்கையை இறக்கி
பொத்தான் போட்டுக்கொண்டான்.
பசிக்கிறது என்றான்.