நடுவில் ஒரு தாள்

நெமுனஸ் கரையில் வில்லோ மஞ்சளாகிவிட்டது.
பதினான்கு டிகிரி ஏறியதும்
மூன்றாம் பெட்டியைத் திறந்தேன்.
மூடி விலகும்போதே தெரிந்தது:
ரீங்காரம் இல்லை அது,
வறண்ட குழாய் காற்றை இழுக்கும் சத்தம்.

சட்டம் சட்டமாக வெயிலுக்குச் சாய்த்தேன்.
அறைகளைத் துடைத்து வைத்திருந்தார்கள்,
ஒரு முட்டைகூட இல்லை.
அடிப்பலகையில், குளிர்காலச் சவங்களுக்குள்
நீளமாய் ஒருத்தி. முதுகில்
போன ஜூனில் நான் வைத்த நீலப்புள்ளி,
மங்கவே இல்லை.

எங்கள் லிதுவேனியனில் நாய் செத்துப்போகும்,
தேனீ மட்டும் மனிதரைப்போலக் காலமாகும்.
சரி, யாருக்குச் சொல்லி அனுப்புவது?

புது ராணி மே கடைசிக்குமுன் கிடைக்காது.
அதுவரை இந்தக் கிழவிகள் தாங்கமாட்டார்கள்.
ரிம்காவ்தஸிடம் சின்னக் கூட்டம் ஒன்று இருக்கிறது, ராணியோடு;
விவாகரத்தில் பெட்டிகளைப் பிரித்தபோது
அவனுக்குப் போனதில் மிச்சம்.
ஏழு வருஷம் கழித்து போன் செய்தேன்.
"பேப்பர் இருக்கா?" என்றான்,
வணக்கம்கூட இல்லாமல்.

அந்தியில் வந்தான்.
அவன் பெட்டி கீழே, என்னுடையது மேலே,
நடுவில் ஒரே ஒரு தாள்:
வாடகை வீட்டு விளம்பரப் பக்கம்.
ஊசியால் ஆறு ஓட்டை குத்தினேன்.
திடீரென்று கலந்தால் கொட்டிக் கொன்றுவிடும்,
வாசனை முதலில் பழக வேண்டும்.
டீ அவன் கேட்கவில்லை.
நானும் போடவில்லை.

மூன்றாம் நாள் காலை
வாசற்பலகை முழுக்க மென்ற காகிதம்.
இரண்டு பேர் சேர்ந்து ஒரு துணுக்கை
வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
அதில் ஏதோ ஒரு வாடகையின்
கடைசிப் பூஜ்யம்.

அவனிடம் சொல்ல வேண்டும்.